நீர்வர்ணத்தில் இலையின் ஒளியும் நிழலும்
(மன்னார்க் கரையை முன்னிட்டு)

மன்னாரை ஓவியத்துக்குரிய நிலமாகக் கருதுவார் மிகச் சிலர். மலையும் அருவியும் அடர்ந்த வனமும் உள்ள இடமே சித்திரத்துக்கு உகந்தது என்பது நம்மவருட் பலர் கொண்டிருக்கும் எண்ணம். மாந்தை தொடக்கம் தலைமன்னார் ஈறாகப் பரந்து கிடக்கும் மணலும் உவர்த்தரையும் பனையும் எருக்கலையும் வரைவானுக்கு எதனைத் தரும் என அவர்கள் வினவுவர். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர் மழையே பெறும் இந்நிலத்திற் பச்சை குறைவு என்பது உண்மை. ஆயினும், பச்சை குறைந்தமையால் இலையை வரைதல் எளிதாயிற்று என்றோ, வரைவதற்குரிய அழகு குறைந்தது என்றோ கொள்ளுதல் தவறு. நீர்வர்ணக்காரனுக்கு மன்னாரின் இலை வைக்கும் சோதனை, பேராதனைத் தோட்டத்து இலை வைக்கும் சோதனையினுங் கடினமானது. அச்சோதனையில் நமக்குக் கைவந்துள்ள மரபுகள் பெரும்பாலுந் தேறவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நீர்வர்ணத்தின் தனித்தன்மை அதன் வெள்ளையிற் கிடக்கின்றது. எண்ணெய் வர்ணக்காரன் இருளிலிருந்து தொடங்கி, ஈற்றில் வெண்மையைக் குழைத்து ஒளியை மேலே வைக்கலாம். நீர்வர்ணத்தில் வெள்ளையென்பது தாளே. ஒளி எங்கே இருக்கவேண்டுமோ அங்கே தூரிகை படாமற் காத்தல் வேண்டும். ஒருமுறை பட்டபின் அவ்வொளி முழுமையாக மீளாது. 1834இல் வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனத்தார் சீன வெள்ளை என்ற பெயரில் ஒரு துத்தநாக வெள்ளையை விற்கத் தொடங்கிய பின்னர், மேலே வெள்ளை வைக்கும் வழியும் திறந்தது என்பது மெய்யே. ஆயினும் அவ்வெள்ளை சுவரிற் பூசிய சுண்ணாம்புபோல் நிற்குமேயன்றித் தாளின் வெண்மைபோல் ஒளிராது. எனவே நீர்வர்ணத்தில் இலையை வரையப் புகுவோன், முதற்றுளி நிறம் வைக்குமுன்னரே அவ்விலையில் ஒளி எங்கெங்கு நிற்கின்றது என்பதை முடிவுசெய்தாக வேண்டும்.

அம்முடிவு எளிதன்று. இலைமேல் விழும் வெயில் மூன்று வழியிற் பிரிகின்றது. ஒரு பகுதி இலையின் மெழுகுப் படலத்திற் பட்டவாறே கண்ணாடியிற் போலத் தெறித்து மீளும். அதற்கு இலையின் நிறம் இல்லை, வானின் நிறமே உண்டு. இன்னொரு பகுதி உள்ளே புகுந்து, சிவப்புக் கதிரும் நீலக் கதிரும் பச்சையத்தால் உறிஞ்சப்பட, எஞ்சியது பச்சையாக வெளிவரும். மூன்றாவது பகுதி இலையை ஊடுருவி மறுபுறஞ் செல்லும். வாழையிலையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்த சிறுவன் எவனும் அந்த மஞ்சள் கலந்த பச்சையை அறிவான். ஆகவே ஒரே இலை ஒரே கணத்தில் ஓரிடத்து நீலவெண்மையாயும், ஓரிடத்துப் பச்சையாயும், ஓரிடத்து மஞ்சளாயும் நிற்கின்றது. ஜோன் ரஸ்கின் 1857இல் வெளியிட்ட சித்திரப் பயிற்சி நூலில், வெயில் பட்ட புல் பச்சை நீங்கி மங்கிய மஞ்சளாய்த் தோன்றுவதையும், பழக்கத்தினாலேயே அதனை நாம் பச்சையென்று கொள்வதையும் எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தின் மென்வெயிலில் ஒருவர் இதனைக் காண முயலவேண்டியிருந்தது. நம் வெயிலில் அது கண்ணைக் குத்துகின்றது. இருந்தும் நாம் காண்பதில்லை. இம்மூன்றன் மேலும் நான்காவது ஒளி ஒன்று மன்னாரில் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இனி, நம் பழைய மரபு இதுபற்றி யாது கொண்டது என நோக்குவாம். விஷ்ணுதர்மோத்தரத்துச் சித்திரசூத்திரம் வர்த்தனை எனப்படும் நிழலூட்டும் முறை மூன்று கூறுகின்றது. அவற்றுள் ஒன்றுக்குப் பத்ரஜம் என்று பெயர். இலை நரம்புகள் போலக் கோடுகளை இழைத்து உருவைத் திரட்டுவது. ஏனையவற்றுள் ஒன்று மிக நுண்ணிதாகத் தேய்ப்பது. மற்றது புள்ளிகளால் ஆக்குவது. நம் ஆனந்த குமாரசுவாமி 1932இல் அந்நூலின் 41ஆம் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். நிழலூட்டும் முறைக்கே இலையின் பெயரை இட்ட நாட்டில், இலைமேல் விழும் நிழலை வரைந்தாரில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் வர்த்தனையின் நோக்கம் வேறு. கன்னமும் தோளும் திரண்டு தோன்றச் செய்வது அது. ஒரு பொருளின் நிழல் பிறிதொன்றின்மேற் சாய்வதைக் காட்டுதற்கு எழுந்ததன்று. 9ஆம் நூற்றாண்டினவாகக் கொள்ளப்படும் சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தைக் காண்க. இலைகள் விரிந்துள்ளன, நரம்புகள் ஓடுகின்றன, மீனும் யானையும் இடையிடையே உலாவுகின்றன. அக்குளத்தின்மேல் எந்த நேரத்து வெயில் அடிக்கின்றது என்று கேட்பது பொருந்தாது. அது பொழுது இல்லாத குளம். இதனைக் குறையென்று யான் கருதவில்லை. நம் கையிலுள்ள சிக்கலுக்கு அது விடை தரவில்லை என்பதே கருத்து.

பொழுது இல்லாத இலை பிறிதோரிடத்தும் உண்டு. அது தாவரவியலாரின் சித்திரத்தாள். ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்பார் 1823 தொடக்கம் முப்பத்தெட்டு ஆண்டுகள் அரச தாவரத் தோட்டத்தின் சித்திரக்காரராய் இருந்தார். அவர் மைந்தரும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். ஹென்றி டிரைமன் தொடங்கி, 1896இல் அவர் இறந்தபின் ஜோசெப் ஹூக்கர் முடித்துவைத்த இலங்கைத் தாவர நூலுடன் 1893க்கும் 1900க்கும் இடையில் வெளிவந்த நூறு சித்திரத்தாள்கள் அக்குடும்பத்தாரின் உழைப்பிலிருந்து பிறந்தவை. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மாகாணத்தில் ரொபேட் வைற் என்ற மருத்துவருக்கு ரங்கையாவும், அவருக்குப்பின் கோவிந்துவும் செடிகளை வரைந்து கொடுத்தனர். 1838 தொடக்கம் 1853 வரை வைற் வெளியிட்ட பெருந்தொகுதியின் சித்திரங்கள் 2101. கோவிந்துவின் பெயரால் ஓர் ஓர்க்கிட் இனத்துக்கே வைற் பெயரிட்டார் என்பது அக்காலத்து நிலைமையை அறிந்தார்க்குச் சிறிய செய்தியன்று. ஆயினும் அத்தொகுதி பெரும்பாலும் நிறமின்றிக் கல்லச்சிற் கோடுகளாக வந்தமையால், மூல ஓவியத்தின் வர்ணத்தைக் கண்டோர் சிலரே.

இவ்வோவியர் கைத்திறனை வியவாதார் இலர். ஆனால் அவர்தம் இலைகளில் ஓர் ஒழுங்கைக் காணலாம். நடுநரம்புக்கு ஒருபுறம் சற்று வெளிறியும் மறுபுறம் சற்றுக் கறுத்தும் இருக்கும், ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்ளப்படும், ஓர் இலையின் நிழல் அடுத்த இலைமேல் விழாது, பின்னணி வெறுந்தாள். இஃது அறியாமையால் நேர்ந்ததன்று. செடியை இனங்காண உதவ வேண்டிய தாளில், விழுநிழல் ஒரு நரம்பை மறைத்துவிடின் அத்தாளின் பயன் கெடும். எனவே அவர்கள் ஞாயிற்றை வெளியே நிறுத்திக் கதவடைத்தனர். அவர்தம் நோக்கத்துக்கு அது முற்றுஞ் சரியே. அம்முறையே பின்னர்ப் பள்ளிக்கூடச் சித்திர வகுப்புக்குள் நுழைந்து, இலை வரைதல் என்றாலே இதுதான் என நிலைபெற்றதை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை.

அவ்வழி வந்த இன்னொரு பொருள் வர்ணப்பெட்டிக்குள் இன்றுங் கிடக்கின்றது. ஹூக்கர் பச்சை என்ற நிறத்தைப் பயன்படுத்தாத சித்திர மாணவர் அரியர். அதற்குப் பெயர் தந்தவர் மேலே சொன்ன ஜோசெப் ஹூக்கர் அல்லர். அவர் தந்தையும் அல்லர். இலண்டனில் தோட்டக்கலைச் சங்கத்துக்காகப் பழங்களை வரைந்த வில்லியம் ஹூக்கர் (1779–1832) என்பார், இலைகளுக்கென்றே பிறஷ்யன் நீலத்தையும் காம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளையும் கலந்து அதனை ஆக்கினார். ஈரமும் மேகமும் உள்ள நாட்டின் ஆப்பிள் இலைக்கு அளந்து தைத்த சட்டை அது. அதனைக் கொண்டுவந்து பனையோலைக்கு உடுத்தினால் எவ்வாறு பொருந்தும்? மேலும் காம்போஜ் வெயிலைத் தாங்காத நிறம். நாட்செல்ல மஞ்சள் வெளிற, நீலமே எஞ்சும். பழைய தாள்கள் பலவற்றில் இலைகள் நீலமாய்க் கிடப்பதன் காரணங்களுள் இஃதொன்று. இன்று அப்பெயரில் விற்பது வேறு சரக்கு. பெயரும், இலைக்கு இதுதான் பச்சை என்ற எண்ணமும் மாறவில்லை.

நிற்க. காட்சியை வரைய வந்தோர் செய்ததைக் காண்பாம். மரியான் நோத் அம்மையார் 1876–77இல் இலங்கைக்கு வந்து வரைந்தவை எண்ணெய் வர்ணமாதலின் அவரை விடுகின்றேன். நமக்குரியவர் அன்ட்ரூ நிக்கோல். பெல்பாஸ்ற் நகரத்தவராகிய இவர் 1846 அளவிற் கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பிக்க வந்தார். 1848இல் இலங்கைக் காடுகளினூடு ஐந்து வாரம் வரைந்துகொண்டே சென்ற பயணத்தை 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதினார். எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலின் சித்திரங்களிற் பல இவர் வரைந்தவை. நிக்கோலின் புகழ் வாய்ந்த உத்தி ஒன்றுண்டு. வர்ணம் காய்ந்தபின் கத்திமுனையால் தாளின் மேற்பரப்பைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெண்மையை வெளிக்கொணர்வார். தம் நாட்டுக் கடலோரக் காட்சிகளில் முன்னே நிற்கும் காட்டுப்பூக்களின் தண்டையும் இதழையும் இவ்வாறு ஒளிரச் செய்தார்.

இவ்வுத்தியை யான் ஐயத்துடனேயே நோக்குகின்றேன். புல்லுக்கும் முள்ளுக்கும் அது தகும். கீறலின் ஒடுக்கமும் புல்லின் ஒடுக்கமும் ஒன்றாகையால் கண் ஏமாறுகின்றது. அகன்ற இலையின் மினுக்கம் கீறலன்று, பரப்பு. சுரண்டிய பரப்பிற் தாளின் நார் கிளம்பி நிற்கும். இலையின் மழமழப்பைக் காட்ட வேண்டிய அவ்விடமே படத்திற் சொரசொரப்பான இடமாகிவிடும். முன்னரே முடிவுசெய்ய மனமில்லாதவன் பின்னர்த் தேடும் பரிகாரம் அது என்று சொன்னாலும் மிகையாகாது. இவ்வகையில் 1874இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் திரிந்த எட்வேட் லியரின் வழி சிறந்தது. அவர் இடத்தில் நின்று பென்சிலால் வரைந்து, நிறங்களைச் சொற்களாக அதன்மேலேயே எழுதிக்கொண்டு, பிறகு அமர்ந்து மையும் வர்ணமும் இடுவார். கண் கண்டதைச் சொல்லாற் கட்டிவைத்த பின்னரே தூரிகை வருகின்றது. பத்து நிமிடத்தில் நிழல் நகர்ந்துவிடும் நம் கரையில் இதனினும் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

இனி மன்னார் இலைக்கே வருவாம். முன்னர்க் கூறாது விட்ட நான்காவது ஒளி மணலிலிருந்து எழுவது. மன்னார்த் தீவின் வெளிர்மணல் வெயிலை வாங்கி மேல்நோக்கி வீசுகின்றது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டியும் ஆவணி நடுவிலும் ஞாயிறு இங்கே நேர் உச்சியில் நிற்கும். அப்பொழுது மரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்க, இலைகளின் கீழ்ப்புறம் மணலொளியால் உள்ளிருந்து விளக்கேற்றினாற்போல் வெதுவெதுப்பான மஞ்சட்சாம்பல் கொள்ளும். நிழற்பக்கம் கறுத்திருக்க வேண்டும் என்று கற்றவன் இங்கே தோற்கின்றான். மேற்புறம் வானின் நீலத்தால் குளிர்ந்தும், கீழ்ப்புறம் மணலின் மஞ்சளால் வெதும்பியும் நிற்க, இரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பட்டையிலேதான் இலையின் சொந்த நிறம் தென்படும்.

பனையோலையை எடுத்துக்கொள்வாம். அது விசிறிபோல் மடிப்பு மடிப்பாக விரிவது. ஒவ்வொரு மடிப்புக்கும் சரிவு இரண்டு. ஒன்று வெயிலை நோக்க, மற்றது விலகும். ஆகவே ஓலையின் அடியிலிருந்து விளிம்பு வரை ஒளிப்பட்டையும் நிழற்பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. விளிம்பை அணுகுமிடத்து மடிப்புகள் பிரிந்து, ஒவ்வொரு நுனியும் தன் போக்கில் திரும்ப, இவ்வொழுங்கு குலைகின்றது. முழு ஓலைக்கும் பச்சை பூசிப் பின்னர்க் கோடு கிழிப்பவனுக்குக் கிடைப்பது கடையில் விற்கும் விசிறி. வெயில் பட்ட சரிவுகளைத் தாளாகவே விட்டு, விலகிய சரிவொவ்வொன்றையும் விளிம்பிலிருந்து காம்பை நோக்கி ஒரே இழுப்பில் இடுபவனுக்கே ஓலை கிடைக்கும். கோடு எதுவும் தேவையில்லை; ஒளி முடிந்து நிழல் தொடங்குமிடமே கோடு.

இங்கே காற்றும் ஒரு கருவி. நீர்வர்ண நூல்கள் எல்லாம் ஈரம் ஆறுமுன் ஓரத்தை நீரால் இளக்குமாறு கூறும். சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் மன்னார் வெளியில் ஈரம் தாளில் தங்காது. இட்ட தூரிகையின் ஓரம் கூர்மையாகவே காய்ந்துவிடும். வாழையிலையின் மெல்லிய வளைவுக்கும் மேகத்துக்கும் அது கேடு. பனைமடிப்பின் விளிம்போ இயல்பிலேயே கூரியது. மரத்தைக் காய்ச்சிய அதே காற்று வர்ணத்தையும் அதற்கேற்பக் காய்ச்சிக் கொடுக்கின்றது. நிறத்தைப் பொறுத்தவரை, பனையின் பச்சை சாம்பல் கலந்தது. மஞ்சட்காவியும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ந்தால் அந்நிறம் வரும். இரண்டும் மலிவு, இரண்டும் வெயிலுக்கு அஞ்சாதவை. கீழே தொங்கும் காவோலையின் செம்பொன்னிறத்தை முதலில் இட்டுவிட்டால், மேலுள்ள சாம்பற்பச்சை தானாகவே பச்சை மிகுந்து தோன்றும்.

எருக்கலையிற் கதை வேறு. எருக்கலம்பிட்டி என்ற ஊர்ப்பெயரிலேயே நிற்கும் இச்செடியின் இலை வெண்பூழி படர்ந்தது. வானைக் கண்ணாடியாகக் காட்டாது. ஆதலின் இங்கே வெண்தாள் விடுதல் பிழை. மாறாக, தண்டின் நிழலும் அடுத்த இலையின் நிழலும் சுவரில் விழுந்தாற்போல் அதன்மேல் தெளிவாய் விழும். நம் பழமொழியாற் புகழ்பெற்ற அடம்பன் கொடியின் இலையோ தடித்து மினுங்குவது, நடுநரம்பில் புத்தகம்போல் மடிந்து நிற்பது. ஒருபாதி வெண்மை, ஒருபாதி கரும்பச்சை, நடுத்தரம் இல்லை. களப்போரத்து வெண்கண்டலின் இலைக்குக் கீழ்ப்புறம் வெள்ளிச் சாம்பல். காற்று இலைகளைப் புரட்டும்போது மரம் முழுவதும் ஒரு கணம் நிறம் மாறும். அதனை நீர்வர்ணத்திற் பிடித்த படமொன்றை யான் இன்னுங் கண்டதில்லை. பள்ளிமுனைப் பெருக்குமரத்தை வரையச் செல்வோர் பெரும்பாலும் அதன் அடிமரத்தின் பருமையிலேயே மயங்கிவிடுவர். மழைக்குப்பின் வரும் அதன் விரலிலைகளைப் பொருட்படுத்துவாரில்லை.

இவ்வளவு வேறுபாடும் நம் மாணவர் தாளில் எங்கே? கரும்பச்சைக் கோட்டில் மாவிலை வடிவம், உள்ளே ஒரே பச்சை, ஒருபுறம் கறுப்புப் பூச்சு. பனையாயினும் பூவரசாயினும் இதுவே. கறுப்பை நிழலாகக் கொள்வதைப்போல் நீர்வர்ணத்தைக் கொல்வது வேறில்லை. அது தாளின் ஒளியை அடைத்துவிடும். தம்மைச் சூழ்ந்த நிலத்தை வறியதென்று பிள்ளைகள் எண்ணுதற்கு, தாம் பார்த்திராத நாட்டின் பச்சையை அவர்கள் கையிற் கொடுத்ததும் ஒரு காரணம். 1920ஆம் ஆண்டுகளிற் சித்திரப் பிரதம தரிசியாய் இருந்த வின்சர் காலத்திலேயே பார்த்தெழுதுவதை விடுத்து நேரிற் கண்டு வரையும் முயற்சி தலையெடுத்தது. அவர் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கலைக்கழகமும் நிறுவினார். அத்தொடர்ச்சி பள்ளிக்கூட வாங்கு வரை வந்து சேரவில்லை.

ஒளிநிழலே காலங்கடந்த பொருள், புகைப்படக் கருவிக்கு விட்டுவிடத் தக்கது என்பாரும் உளர். அவர்கள் 1943இல் கொழும்பிற் தோன்றிய '43 குழு'வினரைச் சான்றாகக் காட்டுவர். அக்குழுவினர் கோட்டையும் தட்டையான நிறத்தையும் நாடினர் என்பது உண்மை. ஆனால் அவருட் பலர் ஒளிநிழல் வரையும் கல்விமுறையைக் கற்றுக் கடந்தவர்கள். நிழலை அறிந்து விலக்கியவனது தட்டை இலையும், நிழலையே காணாதவனது தட்டை இலையும் ஒன்றாகா; இரண்டையும் அருகருகே வைத்தால் சிறுவனும் வேறுபாடு சொல்வான்.

விழுநிழலைப்பற்றி ஒன்று கூற வேண்டியுள்ளது. பனையை வரைவோர் பலர் மணலில் அதன் நிழலை ஓலை ஓலையாக, விரல் விரலாகக் கூர்மையுடன் எழுதுகின்றனர். ஞாயிறு ஒரு புள்ளியன்று. வானில் அரைப்பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே நிழல் பொருளைவிட்டுத் தூரஞ் செல்லச் செல்ல அதன் ஓரம் மங்கும். மணலோடு கிடக்கும் அடம்பன் இலையின் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். பதினெட்டு மீற்றர் உயரத்து ஓலைநுனியின் நிழலுக்கு உச்சிப்பொழுதிலேயே ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் அகலமான மங்கலோரம் உண்டு. விரல்கள் எல்லாம் அதில் கரைந்துவிடும். ஓலைகளின் இடுக்குவழியே மணலில் விழும் ஒளிப்பொட்டுக்களையும் கீற்றாகவும் முக்கோணமாகவும் வரைகின்றனர். இடுக்கு எவ்வடிவாயினும், அது சிறிதாயும் உயரத்திலும் இருப்பின் பொட்டு வட்டமாகவே விழும், அது ஞாயிற்றின் உருவமாகையால். 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வட இலங்கையிற் கங்கண கிரகணம் நிகழ்ந்தபோது மரநிழலை நோக்கியவர்கள் அப்பொட்டுக்கள் அத்தனையும் வளையங்களாக மாறியதைக் கண்டிருப்பர். மாலை நான்கு மணிக்கு அவை நீள்வட்டங்களாகச் சாய்ந்து நீளும்; மூன்று மணிக்கு வரையத் தொடங்குவோன், எந்த மணியின் வட்டங்களைத் தாளில் வெள்ளையாக விடப்போகின்றான் என்பதை நிழலின் நீலச்சாம்பலைக் குழைக்குமுன் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.